கல்யாணத்துக்கு நாற்காலி அனுப்புவது பற்றி

என்றும் மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். கொட்டகையில் இருக்கும் நாற்காலி, மேசை, மைக் செட் எல்லாமும் சௌக்கியம். பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்கு மட்டும், கட்சிக் கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது. அங்கே நீங்களும் அண்ணியும் கல்யாணப் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பல் செட் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தது மட்டும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கல்யாணத்துக்கு நாற்காலி, மேசை, மைக் செட் எல்லாம் நான்தான் கொண்டுவர வேண்டும், ஆனால் என் மகன் வரக் கூடாது, அப்படியே வந்து தொலைத்தாலும் கூடவே சுற்றுகிற அந்த 'எவனோ ஒருவன்' இல்லாமல் வந்து, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுச் சத்தம் போடாமல் கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் டிவி பார்க்கிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். நீங்கள் சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? இருந்தாலும் என் பக்கத்துப் பாட்டையும் நீங்கள் கொஞ்சம் கேட்க வேண்டும்.

பயல் அரசியலுக்குப் போனதற்கு முழுக் காரணம் என் மைக் செட்தான். எல்லோரும் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சோதிப்பார்கள். இவன் சின்ன வயசிலேயே "எங்க தெருக் குழாயில தண்ணி வரலை, யார் பொறுப்பு?" என்று சோதிப்பான். கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே இவனுக்குக் கைதட்டல் விழும். அதைக் கேட்டுத்தான் கட்சிச் செயலாளர் இவனைக் கொத்திக்கொண்டு போனார். அவர் மைக்கைப் பிடித்தால் வார்த்தைக்கு வார்த்தை 'அடுத்ததாக' என்பார், அதனால் எங்கள் வட்டாரத்தில் அவர் பெயரே அடுத்ததாக ஐயா.

அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அப்பா, எனக்குப் பொண்ணு பாக்காதீங்க. எனக்குப் பிடிச்சது ஒரு பையனை" என்றான். அவன் அம்மா அசரவே இல்லை. "பல் டாக்டர் தம்பிதானே? எனக்கு எப்பவோ தெரியும். தட்டுல இருக்கறது ஆறுது பாரு, சாப்பிடு" என்றாள். நான்தான் எழுந்து கொட்டகைக்குப் போய், துடைத்து அடுக்கியிருந்த நாற்காலிகளை இறக்கி மறுபடி துடைத்தேன். கோபமில்லை அண்ணா, பயம். ஊர் வாய்க்கு யார் மூடி போடுவது? கொஞ்ச நேரத்தில் அவனும் ஒரு துணியோடு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தான். அன்றைக்குத் துடைத்த நாற்காலிகள் இன்னும் பளபளவென்று இருக்கின்றன, அவற்றைத்தான் உங்கள் பெண் கல்யாணத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் 'எவனோ' என்று எழுதியிருப்பது யாரையோ இல்லை. போன வருஷம் இங்கே வந்து தங்கி, "என்ன கை! என்ன கை! பூ மாதிரி வச்சுட்டான்" என்று வாயாரப் புகழ்ந்தீர்களே, அந்த டாக்டர்தான். அந்த வாயே அவர் கைவேலை என்பதால் சொன்னேன்.

மகன் தன்னைப் பற்றிக் கட்சியில் சொன்னதும் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்போது பார்த்துத் தலைவர் வெளிநாட்டுப் பயணம் போய், அங்கே ஒரு பெரிய வானவில் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, "நம்மகிட்ட ஒண்ணு இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே விமானத்தை விட்டு இறங்கினாராம். உடனே பால்புதுமையினர் உரிமை அணி என்று ஒன்று முளைத்தது, மகன் அதற்கு அமைப்பாளர் ஆனான். கட்சி ஆபீஸில் மாடிப்படிக்குக் கீழே, கிழிந்த பேனர்களும் போன தேர்தலில் தோற்றவர்களின் அட்டைப் படங்களும் கிடந்த மூலைதான் அணியின் தலைமையகம். கதவை மூடினால் உள்ளே ஆள் நிற்க முடியாது, திறந்தால் வெளியே ஆள் நடக்க முடியாது.

அணிக்கு வானவில் கொடி தைத்தார்கள். அடுத்ததாக ஐயா அதை விரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதுல பச்சை வருதே தம்பி. அது அவங்க கட்சிக் கலராச்சே. அதை எடுத்துட்டு நம்ம நீலத்தை ரெண்டு தரம் போட்டுடுங்க" என்றார்.

"ஐயா, வானவில்லை நாம டிசைன் பண்ணலையே" என்றான் மகன்.

"பண்ணலைன்னா என்ன? கட்சிக்குள்ள வந்துட்டா கட்டுப்பாடு வேணாமா?"

அப்படியே தைத்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த அணிக்காரர்களே, இது எந்த நாட்டுக் கொடி என்று என்னிடம் கேட்டார்கள். நான் மைக் செட்டுக்காரன், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மேடையில் நாற்காலி போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. யாருக்கு மெத்தை நாற்காலி, யாருக்குக் கை வைத்தது, யாருக்கு வெறும் பிளாஸ்டிக் என்பதில்தான் கட்சியே நிற்கிறது, கொள்கை எல்லாம் அப்புறம். டிவிக்காரர்களோ வெளிநாட்டு விருந்தாளிகளோ வந்தால் நம் பையனுக்குத் தலைவர் பக்கத்தில் மெத்தை நாற்காலி. கேமரா கிளம்பியதும் அடுத்ததாக ஐயா என்னிடம் வந்து காதைக் கடிப்பார். "அந்த நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. பெரியவங்க எல்லாம் வர்ற கூட்டம், பாருங்க." கல்லூரி வாசலில் கூட்டம் என்றால் முன் வரிசை, சந்தைத் தெருவில் கூட்டம் என்றால் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். ஒரு கூட்டத்துப் போட்டோவில் அவன் முழங்கால் மட்டும்தான் விழுந்திருந்தது. பத்திரிகையில் வந்த அந்த முழங்காலையும் வீட்டுக்காரி கத்தரித்து வைத்திருக்கிறாள்.

இதற்குள் நகரசபைத் தேர்தல் வந்தது. சந்தை வட்டாரத்துக்கு நம் பையன்தான் வேட்பாளர் என்று தொண்டர்கள் பேசிக்கொண்டார்கள், ஏனென்றால் இரண்டு வருஷமாக அந்தச் சந்தையே கதி என்று கிடந்தவன் அவன். அடுத்ததாக ஐயாவுக்கோ காண்டிராக்ட் எடுக்கும் தன் மச்சானை நிறுத்த ஆசை. அறிவிப்புக் கூட்டம் சந்தைத் தெருவில். "மேடையில இடம் பத்தலை. உங்க பையனுக்குக் கீழ போட்டுடுங்க" என்றார். மேலே நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் மெத்தை நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தார், பக்கத்து நாற்காலியில் அவர் குடை உட்கார்ந்திருந்தது. அந்தக் குடையை எடுத்துக் கீழே போட்டுவிடலாமா என்று இருந்தது அண்ணா. ஆனால் தொழில் தொழில்தானே, கீழேதான் போட்டேன். இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டேன். பக்கத்தில் ஒரு கை மைக்கும் வைத்தேன், ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

மச்சான் எழுந்து, தான் தாய்க்குலத்தின் காவலன் என்று ஆரம்பித்தார். முன்னால் இருந்த காய்கறிக்கார அம்மா ஒருத்தி எழுந்துவிட்டாள். "எங்க கக்கூசுக்குக் கதவும் லைட்டும் வாங்கிக் கொடுத்த பிள்ளையை ஏன்யா கீழ உக்கார வச்சிருக்கீங்க?"

அடுத்ததாக ஐயா பதறி, "அம்மா, அந்தத் தம்பி விஷயம் வேற மாதிரி... குடும்பத்தோட கேக்கற கூட்டம்..." என்று இழுத்தார்.

"அவன் யாரோட குடும்பம் நடத்துனா எனக்கென்ன? உன் மச்சான் கட்டுன பாலத்துலதான் நான் விழுந்து எந்திரிச்சேன்!"

சரியாக அந்த நேரத்தில் மேடை மைக் நின்றுபோனது. ஒயர் பழசு. பழசு என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கை மைக் மட்டும் வேலை செய்தது. மகன் எழுந்து நின்று கொஞ்சம்தான் பேசினான். "நான் யாருன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். என்னை மறைக்கணும்னு கட்சிக்குத்தான் தோணுது. நான் எங்கேயும் ஒளிஞ்சுக்கல, எங்கே நாற்காலி போட்டாங்களோ அங்கே உக்காந்திருந்தேன்." சந்தையே எழுந்து கைதட்டியது. எனக்குக் கண் மறைத்துவிட்டது, எந்தப் பொத்தான் எது என்று தெரியாமல் ஸ்பீக்கரைக் கன்னாபின்னாவென்று அலறவிட்டேன். அதில்தான் அதற்குத் தொண்டை கட்டியது.

தலைவர் காற்று அடிக்கும் திசை தெரிந்தவர். மளமளவென்று மேடைப் படி இறங்கி வந்து, "இவன் நான் வளர்த்த பிள்ளை!" என்று கட்டிக்கொண்டு, அங்கேயே இவன்தான் வேட்பாளர் என்று அறிவித்தார். அடுத்ததாக ஐயா இப்போது அந்த இரண்டு நீலக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று வீடு வீடாகச் சொல்லிவருகிறார். கொடியில் பச்சை இன்னும் வரவில்லை.

ஆகவே, அண்ணா, உங்கள் கவலை நியாயமானதுதான். மாப்பிள்ளை வீட்டார் டிவி பார்க்கிறவர்கள் என்றால் பயலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். நீங்கள் பெரியவர், நாலும் யோசித்துத்தான் எழுதியிருப்பீர்கள். சொன்னபடியே செய்துவிடலாம், அவனிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம். கல்யாணப் பெண் கண் நிறைந்து, மனம் நிறைந்து, நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி

பி.கு.: மேலே எழுதியதை வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் உள்ளே போய் அந்த முழங்கால் படத்தை எடுத்துவந்து, இந்தக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதனால் மேலே உள்ள கடைசிப் பத்தியை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி போடுவது என் தொழில், எங்கே போடுவது என்று இதுவரை மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு தரம் நான் சொல்கிறேன். முதல் வரிசை நடுவில் இரண்டு மெத்தை நாற்காலிகள், ஒன்று உங்கள் தம்பி மகனுக்கு, ஒன்று டாக்டருக்கு. அந்த இரண்டும் ஒரு சாண் நகர்ந்தாலும் மற்ற எல்லா நாற்காலிகளையும் லாரியில் ஏற்றிவிடும்படி என் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் நின்றுகொண்டே வாழ்த்தட்டும். பல் செட் ஆடுவது பற்றிக் கவலைப்படாதீர்கள், டாக்டர் தன் சாமான்களோடுதான் வருகிறார். முதல் வரிசையில்தான் இருப்பார், நீங்கள் வாயைத் திறந்து "வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.