டெபாசிட் மாஸ்டருக்குக் கூடிய கூட்டம்

தேர்தலில் நிற்பதற்கென்றே பிறந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் என் ஷூ கம்பெனியில்தான் கட்டிங் மாஸ்டராக இருந்தார். வார்டு முதல் பார்லிமென்ட் வரை சுயேச்சையாக நின்று, நின்ற இடத்திலெல்லாம் டெபாசிட் இழந்ததால் ஆம்பூர் முழுக்க அவருக்கு டெபாசிட் மாஸ்டர் என்றே பெயர்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தோல் மண்டியில் மூட்டை தூக்கியவன், இன்று வெள்ளைக்காரன் காலில் என் ஷூவை மாட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னாலேயே அவரை மடக்க முடிந்ததில்லை.

போன தேர்தலில் ஒரு சாயங்காலம், என் கம்பெனி கேட் எதிரே ஆட்டோவில் நின்று மைக் பிடித்தார். கேட்க ஒரு நாய்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து ஷிப்ட் விட்டது. கம்பெனி மொத்தமும் வெளியே வந்து பஸ்ஸுக்காக ரோட்டை அடைத்து நின்றது. ஜீப்பில் வந்த போலீஸ் கண்ணில் பட்டது இந்தக் காட்சிதான். தேர்தல் தடையுத்தரவை மீறிப் பெருங்கூட்டம் கூட்டினார் என்று வழக்கு!

மாஸ்டர் அந்த எஃப்.ஐ.ஆர். நகலை லேமினேட் செய்து, தன் மேஜைக்கு மேலே மாட்டிக்கொண்டார்.

இத்தாலியில் என் சரக்கை வாங்குகிறவர் மாஸ்டரை வேலைக்கு அனுப்பச் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்த குடும்பம். அங்கே போனால் சொந்த வீடு கட்டிவிடலாம். ஆனால் வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட் நின்றுவிட்டது. வழக்கையே ரத்து செய்யக் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போக ஒரு வக்கீலை வைத்தேன்.

"சிம்பிள் சார். இவருக்காக யாரும் வரல, எல்லாம் பஸ்ஸுக்கு நின்னவங்கன்னு சொல்லிடலாம்" என்றார் வக்கீல்.

மாஸ்டர் எழுந்துவிட்டார். "அப்டி எழுதினா கையெழுத்து போட மாட்டேன். கூட்டம் எனக்குத்தான் வந்துச்சு."

"யோவ் மாஸ்டர், இத்தாலி போவணுமா வேணாமா?"

"போவணும் மொதலாளி. ஆனா கூட்டம் வந்துச்சு."

"இன்னாய்யா பேஜாரு! உன் பொண்டாட்டியே அன்னிக்கு வரலியே!"

"அவ எதிர்க்கட்சி."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நான்தான் வழி சொன்னேன்: "கூட்டத்த விடு சார். கேஸ் போட்டவங்களுக்கு அதுக்கு பவர் இருக்கான்னு பாரு."

அடித்தேன் பாருங்கள்! தடையுத்தரவு போட்ட அதிகாரியே மாஜிஸ்ட்ரேட்டிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டுமாம். போலீஸ் தானாகப் போட்ட வழக்கு செல்லாதாம். ஹைகோர்ட் ரத்து செய்துவிட்டது. தீர்ப்பில் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பாத்தீங்களா மொதலாளி, கூட்டம் வரலன்னு ஹைகோர்ட்டே சொல்லல!" என்று கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தார் மாஸ்டர். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

இத்தாலி போனார். வீடும் எழும்பிவிட்டது.

இந்தத் தேர்தலில் முதல் தடவையாக மெஷினில் அவர் பெயர் இல்லை. "சீக்கிரம் அமுக்குங்க பெரியவரே" என்று பூத் ஆபீசர் குரல் கொடுக்கும்வரை, யாருக்குப் போடுவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.