கரியும் பன்னிரண்டு நோயாளிகளும்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்த நெருப்பில் மிஞ்சிய கரியை எலிக்கு ஊட்டியதுதான். ஊட்டியது எங்கள் ஆராய்ச்சி நிலையம். உலகுக்குச் சொன்னது நான். அங்கே மக்கள் தொடர்பு அதிகாரி.

செடித்தண்டைக் காற்றுப் புகாமல் சுட்டெடுத்த கரி. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட பன்னிரண்டு எலிகளின் தீனியில் அதைக் கலந்தார்கள். எட்டு வாரத்தில் ரத்தச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. குடலில் நல்ல பாக்டீரியாக்கள் குடும்பம் குட்டியோடு பெருகின. ஆய்வை நடத்திய அம்மையார் சந்தோஷப்படத் தெரியாதவர். எலிக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதாதே என்றார்.

அப்படியே எழுதினேன். டைரக்டர் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"எலின்னு போட்டா யாருய்யா படிப்பா? சாப்பிட்டுக்கிட்டே பேப்பர் பாக்கறவன் இருக்கான்."

மக்களின் பசி மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. ஒரே கோடு, எலிகள் 'பன்னிரண்டு நோயாளிகள்' ஆனார்கள். பரிணாம வளர்ச்சி இத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பதினைந்து வருஷமாக இன்சுலின் போடும் என் அக்கா கணவர் அதை வெட்டி முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டினார். ஊசியை நிறுத்தினார். காலையும் மாலையும் இரண்டு ஸ்பூன் கரி. எழுதியது சொந்த மச்சான் ஆயிற்றே.

இரண்டாவது வாரம் அக்கா போன் செய்தாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறாராம், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லையாம். ஓடினேன். பல்லெல்லாம் கறுத்து, சோபாவில் சாய்ந்திருந்தார்.

"அத்தான், ஊசியைப் போடுங்க. அந்தப் பன்னெண்டு நோயாளியும் எலி."

"பன்னெண்டு பேருமா?"

"பன்னெண்டும்."

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா, மச்சான்?"

வாயால் சொன்னால் நம்ப முடியாது, அச்சில் வரட்டும், அன்றைக்கே ஊசி போடுகிறேன் என்றார். ஆக, நான்கு வரி மறுப்பு வந்தால் மனிதர் பிழைப்பார். டைரக்டரிடம் ஓடினேன். அவர் உடனடியாக அவசரக் கூட்டம் கூட்டினார், அடுத்த வியாழக்கிழமைக்கு. செவ்வாயன்றே அத்தான் மயங்கி விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டார்.

கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று வருத்தப்பட்டோம். பிறகு டைரக்டர் ஒரே ஒரு விஞ்ஞானக் கேள்வி கேட்டார்.

"எட்டு வாரம் முடிச்சாரா?"

"மூணாவது வாரமே விழுந்துட்டார் சார்."

"அப்ப பாதியில நின்னவர். கணக்குல வரமாட்டார்."

ஆய்வு அம்மையார் எழுந்து வெளியே போனார். அவர் கூட்டத்துக்கு 'வராதவர்' என்று குறிக்கப்பட்டது. மறுப்பு தேவையில்லை, மக்களுக்குத் தெம்பூட்டும் விளக்கம் ஒன்று போதும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அத்தான் இன்னும் கண் திறக்காமல் உள்ளே கிடக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதை எழுதினேன். மறுப்புதான் எழுதுகிறேன் என்று நினைத்து அக்கா தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். 'மனிதர்களிடம் இதுவரை பக்க விளைவு எதுவும் பதிவாகவில்லை.'

டைரக்டர் படித்தார். இந்த முறை ஒரு சொல்லைக்கூட அவர் அடிக்க வேண்டியிருக்கவில்லை.