சாய்கோட்டை நான் 'சரிசெய்த' விதம்

செய்தித்தாளில் தலைப்பு எழுதிப் பழகியவர் கையில் கணினி நிரலைக் கொடுப்பது ஆபத்து. அனுபவத்தில் சொல்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். நாற்பத்து நான்கு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் வளையல் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். மூன்று மாதம் தகுதிகாண் பருவம். தேறினால் நிரந்தர வேலை, இல்லையென்றால் கைகுலுக்கல். (செங்காங் வீட்டில், வேலை உறுதியான மாதிரிதான் என்று இரண்டாவது வாரமே சொல்லிவைத்திருந்தேன்.)

நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் பழையது, புதியது இரண்டும் பதிவில் இருக்கும். கூடவே, என்ன மாற்றினோம் என்று ஒரு வரிக் குறிப்பும் எழுத வேண்டும். மற்றவர்கள் 'தேதி வடிவம் மாற்றம்' என்று எழுதினார்கள். நான் 'தேதிக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி!' என்று எழுதினேன். ஆச்சரியக்குறி இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

அப்போது ஒரு பல் மருந்தகத்துக்கு, காத்திருக்கும் நோயாளிகளின் பெயரைத் திரையில் காட்டும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். நம்மவர் அடையாள அட்டையில், சொந்தப் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே, 'இன்னாரின் மகன்' என்பதற்கு 's/o' இருக்குமே, அதிலுள்ள சாய்கோடு வந்தாலே செயலி உறைந்து நின்றது. அதைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. பெயரைச் சாய்கோட்டில் வெட்டினேன். பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன். செயலி உறையவில்லை. ஆனால் பெயர் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனை ஒன்று சிவப்பு காட்டியது. அதை நீக்கினேன். சிவப்பு மறைந்தது. குறிப்பு எழுதினேன்: 'பெயர்ச் சிக்கல் அடியோடு தீர்ந்தது!'

தகுதிகாண் பருவத்தின் கடைசி வாரம், மருந்தக மேலாளர் நாதன் எங்கள் வேலையைப் பார்க்க வந்தார். எங்கள் குழுத் தலைவி நிர்மலா, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், திரையை இயக்கினார்.

"புதுசா ஒரு ஏஐ போட்டிருக்கோம் சார். யாரு என்ன மாத்தினாலும், பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து அதுவே விளக்கிடும். தமிழ்லயும் சொல்லும்."

"என்னோடதப் போடுங்க," என்று கை தூக்கினேன்.

"ஷுவரா அண்ணே? நான் இன்னும் அதப் பார்க்கல."

"போடுங்க லா!"

திரையில் வரிகள் வந்தன. 'இந்த மாற்றம் பெயர்ச் சிக்கலைத் தீர்க்கவில்லை. சாய்கோட்டுக்கு முன்னுள்ள அனைத்தையும் நீக்குகிறது. நோயாளியின் பெயர் மறைந்து, o என்ற எழுத்தும் தந்தையின் பெயரும் மட்டும் தெரியும். இதைக் கண்டுபிடிக்கக்கூடிய சோதனையும் நீக்கப்பட்டுள்ளது. குறிப்பு, மாற்றத்துடன் பொருந்தவில்லை.'

நாதன்தான் முதலில் பேசினார். "அப்ப என் பேரு எப்படி வரும்?"

நிர்மலா தட்டிப் பார்த்தார். 'ஓ சுப்பையா' என்று வந்தது.

"அது எங்கப்பா லா. அவரு தவறி எட்டு வருஷம் ஆச்சு. இருந்தப்பவே வாயில ஒரு பல்லு கெடையாது."

எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் ஒரு பக்கம். மறுபக்கம், அந்த ஐந்து வாக்கியங்களில் திருத்த எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அடைமொழி இல்லை. யார் செய்தது என்ற குத்தல் இல்லை. என்ன நடந்தது, அதனால் என்ன ஆகும், அவ்வளவுதான். என் பழைய ஆசிரியர் பதினெட்டு ஆண்டுகள் என்னிடம் கேட்டுக் கிடைக்காத நடை அது.

கூட்டம் முடிந்ததும் நிர்மலா என்னைத் தனியே அழைத்தார்.

"தப்பு எல்லாரும் பண்றதுதான் அண்ணே. டெஸ்ட்ட அழிச்சிட்டு தீர்ந்துடுச்சுன்னு எழுதினீங்க பாருங்க, அதான் எனக்கு பயமா இருக்கு."

"வேலை போச்சாம்மா?"

"இன்னும் ஒரு மாசம் தர்றேன். எத அனுப்புறதா இருந்தாலும் அந்த ஏஐகிட்ட விளக்கம் கேளுங்க. அது சொல்றதும் நீங்க எழுதுறதும் ஒண்ணா இருக்கணும்."

அந்த மாதம் முழுக்க அப்படியே செய்தேன். முதல் வாரம் அது சொல்வதைப் படித்துவிட்டு என் நிரலைத் திருத்தினேன். பிறகு, அது என்ன சொல்லும் என்று முன்கூட்டியே ஊகித்துத் திருத்தினேன். ஒரே ஒருமுறை அது தவறாகப் புரிந்துகொண்டது. (அன்று மதியம் அலுவலகம் முழுவதற்கும் நான்தான் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தேன்.) மாதக் கடைசியில் வேலை உறுதியானது. சாய்கோட்டோடு, முழுப் பெயரோடு, நாதனும் இன்று அந்தத் திரையில் ஒழுங்காக வருகிறார்.

என் தவறு, இதையெல்லாம் வீட்டில் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்துவிட்டதாக அறிவித்தேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்து, செய்தி வாசிக்கும் குரலில் சொன்னாள்:

"இந்த மாற்றம் குழாயைச் சரிசெய்யவில்லை. கீழே ஒரு வாளி வைக்கப்பட்டுள்ளது."

கூடத்திலிருந்து மனைவி முடித்துவைத்தார். "குறிப்பு பொருந்தவில்லை."

அன்றிலிருந்து நான் வீட்டில் எதையும் சரிசெய்துவிட்டதாகச் சொல்வதில்லை. 'வாளி வைத்திருக்கிறேன்' என்று மட்டும் சொல்கிறேன்.