பெட்டியின் எடை பூஜ்யம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். நலமில்லாதது என் மனசாட்சி ஒன்றுதான். அதற்குக் காரணம் நீங்கள். அடுத்த வாரம் நீங்கள் இருவரும் விமானம் ஏறி எங்கள் வீட்டுக்கு வரப்போகிறீர்கள் என்றும், பெரிய பெட்டிகள் இரண்டையும் லாரிகளை எடை போடும் உங்கள் எடைமேடையில் தனித்தனியாக வைத்துச் சீட்டு எடுத்தாகிவிட்டது என்றும் அக்கா நேற்றுப் போனில் சொன்னாள். நான் தூங்கவில்லை.

விஷயத்துக்கு வருமுன் பழைய வழக்கு ஒன்றை மறுபடி பதிவு செய்கிறேன். ஆற்று மணல் படிவதைப் பற்றி என் இளமையைச் செலவழித்து எழுதிய ஆய்வேட்டை, தோல் அட்டை போட்டு, முதல் பிரதியை உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணே முக்கால் கிலோ வரும் மாப்ளே. மணலைப் பத்தி எழுதவா இவ்வளவு நாள்? தினம் லாரி லாரியா மணல் என் மேடையிலதான் ஏறி இறங்குது, என்கிட்ட கேட்டிருந்தா அரைப் பக்கத்துல முடிச்சிருக்கலாமே" என்றீர்கள். சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றோடு உங்கள் வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவில்லை, அக்கா போனில் அழும் வரைக்கும்.

அழுததால் வந்தேன். வந்த இடத்தில் நீங்கள் என்னை நடத்திய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாகப் போயிற்று. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் தரையில் படுத்தீர்கள். கோபித்துக்கொள்ள ஒரு சின்ன இடம்கூட விட்டுவைக்காத மனிதரிடம் என்னைப் போன்றவன் எப்படிப் பழகுவது? ஆனால் கிளம்பும் நாள் வந்ததும் உங்கள் வீட்டு வழக்கம் தலைகாட்டியது. அந்த வீட்டிலிருந்து யாரும் லேசான பெட்டியோடு போய்விடக் கூடாது. என்னுடையது மலிவு டிக்கெட், கையில் ஏழு கிலோதான் இலவசம், அதற்கு மேல் அரைக் கிலோ என்றாலும் அந்தக் கம்பெனி காசு பிடுங்கும் என்று நான் கதறக் கதற, அக்கா பாட்டுக்குப் போர்வை, தலையணை உறை, ஸ்வெட்டர், அடுக்கு டப்பா என்று திணித்தாள், மூடாத பெட்டியின் மேல் நீங்கள் உட்கார்ந்தீர்கள், மூடியது. "இதுக்கு ஏன் பயப்படறே? நம்ம மேடை எதுக்கு இருக்கு?" என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் போனீர்கள்.

ஜல்லி லாரி ஒன்று இறங்கிய சூட்டோடு, அவ்வளவு பெரிய இரும்பு மேடையின் நடுவில் என் பெட்டி தன்னந்தனியாக நின்ற காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "நீ இறங்கு மாப்ளே, இல்லேன்னா உன் தலைக்கனமும் சேர்ந்து வரும்" என்றீர்கள். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் பூஜ்யம் வந்தது, கூடவே சீட்டும் அச்சாகி வந்தது.

"பாத்தியா? எடையே இல்ல!"

"அத்தான், அது லாரிக்கான மெஷின். இருபது கிலோவுக்குக் கீழே எதையும் அது..."

"அரசாங்க முத்திரை குத்தின மெஷின்டா. அது பூஜ்யம்னா பூஜ்யம்தான். இந்தச் சீட்டை எதிர்த்து எந்த லாரிக்காரனாவது பேசியிருக்கானா? ஏரோப்ளேன்காரன் மட்டும் பெரிய கொம்பனா?"

முனைவர் பட்டம் வாங்கிய நான் அங்கே வாதாடியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருடம் கழித்து அன்றுதான் நீங்கள் என் தோளில் கை போட்டிருந்தீர்கள். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைத் தராசில் வைத்தாள். "சார், பதினாலு கிலோ. இதை உள்ளே அனுப்பணும்னா கட்டணம் கட்டணும்." வேறு வழி தெரியாமல், வெட்கத்தை விட்டு, சீட்டை நீட்டினேன். படித்தாள். பக்கத்துக் கவுண்டர்காரியைக் கூப்பிட்டாள். அவளும் படித்தாள். "சார், சரக்குங்கற இடத்துல ஜல்லின்னு இருக்கு. வண்டி எண்ணுங்கற இடத்துல 'மாப்ளே'ன்னு போட்டிருக்கே?" எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர், "மாப்ள, சீக்கிரம் ஆகட்டும்" என்றார். பெட்டியை அங்கேயே தரையில் திறந்தேன். சட்டைக்கு மேல் சட்டை போட்டேன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் போர்வையைச் சுற்றினேன், டப்பாக்களைக் கால்சட்டைப் பைகளில் செருகினேன்.

"உடம்புல போட்டிருந்தா காசு இல்லையேம்மா?"

"உடம்பை நாங்க எடை போடறதில்ல சார்."

"இப்போதைக்குப் போடறதில்லன்னு சொல்லு" என்றேன்.

அப்படியும் கனம் குறையவில்லை. அடியில் கையை விட்டேன். என் பழைய பனியனில் சுற்றி, கயிறு கட்டி, உங்கள் பழைய தராசின் ஐந்து கிலோ இரும்பு எடைக்கல்! துரு நீக்கி, எண்ணெய் தேய்த்து, பளபளவென்று. முதல் நாள் பேச்சுவாக்கில், நான் திருத்தும் விடைத்தாள்கள் மேஜையில் மின்விசிறிக்குப் பறக்கின்றன என்று உங்களிடம் சொன்னேன், அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் காகிதத்துக்குக் கண்ணாடிக் குண்டு வைப்பார்கள், அத்தான்.

"சார், இதை மட்டும் அந்தக் குப்பைத் தொட்டியில போட்டுடுங்க. ஒரு காசு கட்ட வேண்டாம், ஏறிப் போயிடலாம்" என்றாள் அந்தப் பெண், பாவம், என் மேல் இரக்கப்பட்டு. தொட்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பனியனில் நீங்கள் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தேன். லாரித் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில், "இதை உள்ளே அனுப்புங்க. கட்டறேன்" என்றேன். "பெட்டியோட சேர்த்தா?" "பெட்டி என் உரிமை, அது என்னோட வரும். இது மட்டும்." அந்த எடைக்கல்லுக்குத் தனியாகச் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். இறங்கிய இடத்தில் பெரிய பெரிய பெட்டிகளுக்கு நடுவே அது பனியனோடு ஒற்றையாகச் சுற்றி வந்தபோது, பக்கத்தில் நின்றவர், "என்ன சார் அது, தொழிலா?" என்றார். "இல்ல, உறவு" என்றேன்.

இதையெல்லாம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் போன் போட்டு, "காசு கேட்டாங்களா மாப்ளே?" என்று கேட்ட குரலில் இருந்த ஆவலுக்கு, "சீட்டைப் பாத்ததும் எழுந்து நின்னுட்டாங்க அத்தான்" என்று சொல்லித் தொலைத்தேன். அது தப்பாகப் போயிற்று. இப்போது தெருவில் யார் விமானம் ஏறினாலும் நீங்கள் இலவசமாகச் சீட்டுக் கொடுப்பதாகக் கேள்வி. அடுத்த வாரம் அக்காவையும் இரண்டு பூஜ்யங்களையும் கூட்டிக்கொண்டு நீங்களே அந்தக் கவுண்டரில் போய் நிற்கப்போகிறீர்கள். இதுவரை யாரும் மறுத்துப் பேசாத மனிதர் நீங்கள். அவ்வளவு பேர் நடுவில், அக்காவின் முன்னால், ஒரு சின்னப் பெண் அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. என்னைப் பார்த்து ஊர் சிரித்தபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன்: பெட்டியைப் பாதியாகக் குறையுங்கள், சீட்டைக் கிழித்துப் போடுங்கள்.

அக்காவின் முழங்கால் வலி விட்டுப் போகட்டும். இந்தக் கடிதத்தால் உங்கள் ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கட்டும். மற்றவை நேரில்.

பின்குறிப்பு: எழுதியதைப் படித்துப் பார்த்த என் மனைவி, "இதைப் படிச்சா அவர் வருவாரா?" என்று மட்டும் கேட்டாள். அதனால் இன்று காலை உங்கள் இருவர் டிக்கெட்டிலும் பெட்டிகளுக்கான கட்டணத்தை நானே கட்டிவிட்டேன். அக்கா என்னென்ன வைக்கிறாளோ வைக்கட்டும், நீங்கள் மேலே உட்கார்ந்து மூடுங்கள். கவுண்டரில் சீட்டை நன்றாக நிமிர்ந்து நின்று நீட்டுங்கள். யாரும் ஒரு பைசா கேட்க மாட்டார்கள். உங்கள் சீட்டைப் பழித்து எழுதிய இவன் யாரோ வயிற்றெரிச்சல் பிடித்த மொட்டைக் கடிதக்காரன் என்று அக்காவிடம் சொல்லிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மச்சினன் என்று இருப்பவன் நான் ஒருவன்தான் என்றாலும், கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.