சுடாமல் போனவருக்குப் பன்னிரண்டாவது கடிதம்

கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கும் மரியாதைக்குரிய விங் கமாண்டர் ஹேமநாதன் (ஓய்வு) அவர்களுக்கு, நூம்பல் குடியிருப்புச் சங்கச் செயலாளரும் தங்களுக்கு நேர் கீழ்வீட்டுக்காரனுமான ஹவில்தார் லோகநாதன் (ஓய்வு) சல்யூட் வைத்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் தாட்சாயிணியும் நலம். தங்கள் முழங்கால் நலமறிய ஆவல்.

பயப்படாதீர்கள் சார், இது புகார் இல்லை. முந்தைய பதினொன்றையும் இதன்மூலம் வாபஸ் வாங்குகிறேன். உங்கள் பூந்தொட்டித் தண்ணீர் எங்கள் வடகத்தில் சொட்டியது, விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் கைத்தடி என் தலைக்கு மேல் டொக் டொக்கென்று நடந்தது, நீங்கள் கம்பு போட்டு வளர்த்த புறாக்கள் என் ஸ்கூட்டருக்குச் சுண்ணாம்பு அடித்தது, எல்லாவற்றுக்கும் தேதி, நேரம், போட்டோ இணைத்து நான் எழுத, நீங்கள் "வருந்துகிறேன்" என்று ஒரே வரி பதில் அனுப்ப, வீட்டுவேலைக்கு வரும் அஞ்சலையே பொறுக்காமல், "இன்னா சார், பெரியவரு அவரு பாட்டுக்குக் கீறாரு, நீ லெட்டர் போட்டுகினே கீறியே?" என்று கேட்டாள். அவளுக்கும் நாலு திட்டு விழுந்தது. பதினோராவது கடிதத்தில், "போரில் தங்கள் குறி எப்படியோ, தங்கள் புறாக்களின் குறி தப்புவதே இல்லை" என்று எழுதி நானே சிரித்துக்கொண்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. மறுவாரம் வீட்டைக் காலி செய்தீர்கள்.

கார் நிறுத்துமிடத்தில் உங்களுக்கு வழியனுப்பு டீ. நான் சாவி வாங்கத்தான் வந்தேன். மூன்றாம் மாடி ரோஷினி, "சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க அங்கிள்?" என்று கேட்டதும் நீங்கள் சொன்னீர்கள்: "எழுபத்தொண்ணு டிசம்பர்ல எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளை, வாய்க்கா வளைவு, அஞ்சு லாரி. குறி வச்சாச்சும்மா. ஏதோ வெள்ளையா ஆடிச்சு, விரல் அழுத்தல. எதிரியைக் கோட்டை விட்டுட்டேன். மேலதிகாரி கிழிச்சாரு. இன்னிக்கும் உறுத்துது."

எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சார், அந்த வெள்ளை என் பனியன்! லாரிகளில் இருந்தது பிடிபட்ட நம்ம ஆளுங்க, இருபத்துமூன்று பேர். உங்கள் விமானச் சத்தம் கேட்டதுமே காவல்காரர்கள் வாய்க்காலில் குதித்துவிட்டார்கள். நான் பனியனைக் கழற்றி ஆட்டினேன். ஒரு வாரமாகத் துவைக்காத பனியன், எப்படித்தான் வெள்ளையாகத் தெரிந்ததோ! றெக்கையைச் சாய்த்துப் போய்விட்டீர்கள். மறு வருஷம் விடுதலையாகி எல்லையைத் தாண்டி நடந்தே வந்தோம். அப்புறம் கல்யாணம், ஆவடி ஃபேக்டரி வேலை, ரெண்டு பிள்ளைங்க, இந்த ஃப்ளாட், இந்தப் பாழாய்ப்போன செயலாளர் பதவி, எல்லாம் நீங்கள் போட்ட பிச்சை. நீங்கள் எதையும் கோட்டை விடவில்லை. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கணும். டீ டம்ளரோடு நின்ற எனக்கு வாயில் வந்தது, "சாவி ரெண்டு செட் இருக்கணுமே" என்பதுதான். வெட்கமா இருக்கு சார்.

தாங்கள் முழங்கால் வலியின்றி நூறாண்டு வாழ ஆண்டவனை வேண்டும்,
லோகநாதன்.

பி.கு.: மேலே ஒரு பொய் இருக்கிறது. டீ குடித்த அன்றைக்குத்தான் தெரிந்தது என்று எழுதிவிட்டேன். இதே கதையை ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றத்திலேயே சொன்னீர்கள், சூளை என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறமும் மூன்று புகார் எழுதினேன், அந்தக் குறி வரியும் சேர்த்து. ஒப்புக்கொண்டால் ஆயுசுக்கும் உங்கள் முன்னால் கைகட்டி நிற்கணுமே என்ற வீம்பு. புறாக்கள் இன்னும் வருகின்றன, கம்பு நான்தான் போடுகிறேன். அந்த வரியை மட்டும் எப்படி வாபஸ் வாங்குவது என்று தெரியவில்லை. உங்கள் வழக்கப்படி ஒரே வரி: வருந்துகிறேன்.