பான் ஐயாவிடம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் உண்டு

ஆட்சி மாறும்போது ஊரில் மூன்று வகை ஆண்கள் தென்படுவார்கள். முதலாமவர் எதிர்ப்பவர், இவரை எண்ணுவது எளிது, நாளுக்கு நாள் குறைவார். இரண்டாமவர் பணிபவர், இவரையும் எண்ணலாம், நாளுக்கு நாள் கூடுவார். மூன்றாமவர்தான் எந்தக் கணக்கிலும் அகப்படாதவர். அவர் எதிர்ப்பதும் இல்லை, பணிவதும் இல்லை. நடந்தது மாற்றமே அல்ல, மூவாயிரம் ஆண்டுகளாக இருந்து வருவதுதான் என்று ஏட்டை விரித்துக் காட்டுவார். அவரை ஆதாரக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

ஆதாரக்காரரை அடையாளம் காண்பது எப்படி? ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தேநீர் ஆறும்வரை பேசமாட்டார். கண்களை மூடுவார். நீளமாக வளர்த்த சுண்டுவிரல் நகத்தால் மேசையை இரண்டு முறை தட்டுவார். பிறகு, வரி ஏறினாலும் வாய்க்கால் வற்றினாலும் பேரரசரே தூக்கில் தொங்கினாலும், ஒரே வாக்கியம்தான்: “இது ஒண்ணும் புதுசு இல்லையே.”

தை ஏரிக்கு ஒன்றரைக் காத தூரத்தில், மூன்று பாலங்கள் உள்ள ஊரில், வில்லோச் சந்தில் குடியிருந்த பான் ஷீலுன் இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி. வயது ஐம்பத்து மூன்று. அரசுத் தேர்வைப் பதினோரு முறை எழுதிப் பதினோரு முறையும் தேறாதவர். தேர்வாளர்களுக்குப் படிப்புப் போதாது என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது.

மிங் அரசு கவிழ்ந்த மறு ஆண்டு, சீனப் பஞ்சாங்கத்தின் அதிக மாதக் கணக்குப்படி, ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை வந்தபோது வடக்கிலிருந்து வந்து ஆட்சியைப் பிடித்த மஞ்சுக்களின் கட்டளையும் வந்தது. ஆண்கள் எல்லாரும் முன்தலையைச் சிரைத்து, பின்முடியைப் பின்னிக்கொள்ள வேண்டும். பத்து நாள் தவணை. முடியை வைத்துக்கொண்டால் தலை போய்விடும்.

சந்தின் ஆண்கள் இருபத்தாறு பேரும் பான் ஐயாவிடம் வந்தார்கள். தேநீர் ஆறியது. முடி பெற்றோர் கொடுத்தது, அதில் கத்தி வைப்பவன் மகனே அல்ல என்று ஏழு ஏடுகளை அடுக்கிக் காட்டி அனுப்பினார். எண்ணெய் வியாபாரி பியான் அதை மனப்பாடம் செய்துகொண்டு போய், நான்காம் நாள், தண்டோரா போட வந்த சிப்பாயிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான். ஐந்தாம் நாள் காலை அவன் தலை சந்தை வாசலில் ஒரு கூடையில் இருந்தது.

பான் ஐயா போய்ப் பார்த்தார். திரும்பும் வழியில் தம் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். அது அவர் நினைத்திருந்ததைவிட மெல்லியதாக இருந்தது. பியானுக்குத் தாம் சொன்னது பொதுவான கருத்துதான் என்று மனைவி யான் அம்மாளிடம் விளக்கிவிட்டு, ஏட்டுப் பெட்டியைத் திறந்தார்.

ஏழாம் நாள் ஆதாரம் கிடைத்தது. மிகப் பழங்காலத்தில் வடக்கே பிறந்த இளவரசர் ஒருவர் இதே ஏரிக்கரைக்குக் குடிவந்தபோது, இந்த மண்ணின் வழக்கப்படித் தம் முடியை வெட்டிக்கொண்டாராம். அப்படியானால் முடி வளர்த்ததல்லவா புதுப்பழக்கம்? மூவாயிரம் ஆண்டுகளாக நாம் அல்லவா தவறிவிட்டோம்? எட்டாம் நாள் முன்னோர் பெயர் எழுதிய பலகைகளின் முன் மும்முறை விழுந்து வணங்கி, நாவிதன் கோவின் முக்காலியில் அமர்ந்தார்.

“அந்த இளவரசர் பின்னலும் போட்டுக்கிட்டாரா ஐயா?” என்று கேட்டான் கோ.

“அந்த இடத்துல ஏட்டப் பூச்சி அரிச்சிருக்கு. நீ சிரை.”

மாலைக்குள் மிச்சமிருந்த இருபத்தைந்து பேரும் சிரைத்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை ஏரியிலிருந்து பதினேழு படகுகள் வந்தன. தலையில் வெள்ளைத் துணி கட்டிய மீனவர்கள். மிங் அரசை மீட்கப் புறப்பட்டவர்கள். சிரைத்த தலை எல்லாம் துரோகியின் தலை, அதை ஆற்றில் போடுவது என்பது அவர்களுடைய கட்டளை. வில்லோச் சந்தின் ஆண்களை நடுப்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அறிவில் மூத்தவர் என்று மற்றவர்கள் பான் ஐயாவை முன்னால் விட்டார்கள்.

தேநீர் இல்லை. ஆனாலும் கண்களை மூடினார். இவர்கள் மிங் அரசின் ஆட்கள். ஆகவே மிங் ஆதாரம் வேண்டும். கிடைத்தது.

“இது ஒண்ணும் புதுசு இல்லையே, தலைவரே. நம்ம மிங் வம்சத்த ஆரம்பிச்ச முதல் பேரரசரே சின்ன வயசுல மடத்துல தலைய மழிச்சிக்கிட்டவர்தான்.”

படைத்தலைவன் கெண்டை ஹௌ எழுத்தறியாதவன்; ஆனால் மெதுவாகவும் ஒழுங்காகவும் யோசிப்பவன்.

“அவரு மொட்டை. அப்புறம் ராஜா ஆனாரு. இப்ப நீ மொட்டை.” ஹௌ வாளின் பிடியை மாற்றிப் பிடித்தான். “அப்போ நீயும் ராஜா ஆகலாம்னு இருக்கே. அப்படித்தானே வாத்தியாரே?”

துரோகிக்கு ஒரு தலைதான் போகும். அரியணை கேட்டவனுக்கு அவன் வம்சமே போகும். இதற்கும் ஏட்டில் ஆதாரம் உண்டு, ஏராளமாக. பான் ஐயாவுக்கு அது முழுவதும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்ததால் வாய் திறக்க முடியவில்லை.

யான் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“பேன், தலைவரே. சந்து முழுக்கப் பேன். நான்தான் அத்தனை பேரையும் சிரைக்கச் சொன்னேன். உங்க ஆளுங்களக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, தாவிடும்.”

ஹௌ தள்ளி நின்றான். வெள்ளைத் துணிக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே, சிரைத்தால் அது சுத்தமாகப் போய்விடுமா என்று தணிந்த குரலில் கேட்டான். போய்விடும் என்றாள். இருபத்தாறு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் படகுகள் ஏரிக்குத் திரும்பின; மஞ்சுப் படை ஊருக்குத் திரும்பியது. கட்டளைப்படி எல்லாத் தலைகளும் இருந்தன. பான் ஐயா குல ஏட்டில் எழுதினார்: “ஒன்பதாம் நாள் படை வந்தது. ஷீலுன் பண்டை ஆதாரம் எடுத்துரைத்தார். படை விலகியது.” மூன்று வாக்கியங்களிலும் பொய் இல்லை.

“நான் வந்தத எழுதலையா?” என்றாள் யான் அம்மாள்.

“பேனுக்கு ஆதாரம் எங்கேயும் இல்ல. தேடிப் பார்த்துட்டேன்.”

இத்தகைய ஆளை எனக்குத் தெரியும் என்று நீங்கள் இப்போது யார் பெயரையோ நினைத்துக்கொண்டிருக்கலாம். நல்லது. அதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். வாழ்க்கையில் கடைசியாக ஒரு கட்சியையோ கொள்கையையோ மாற்றிக்கொண்டீர்களே, அந்தத் தேதியை இடப்பக்கம் எழுதுங்கள். அதற்கான காரணம் உங்களுக்குத் தெளிவாகப் புலப்பட்ட தேதியை வலப்பக்கம் எழுதுங்கள். எது முந்தியது என்று பாருங்கள். தாளை யாரிடமும் காட்ட வேண்டாம்.