நான்காம் இலக்கத் துப்பாக்கியின் புது விசை

அபிப்பிராயம் கேட்டதும் "எனக்குத் தெரியாது" என்று சொல்கிற மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சமையல், அரசியல், அடுத்த வீட்டுப் பிள்ளையின் கலியாணம், எதைக் கேட்டாலும் எல்லோரிடமும் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கும். என்னிடம் கேட்கவே வேண்டியதில்லை, நானாகவே சொல்லிவிடுவேன். இந்தக் குணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியில் நாங்கள் குடியிருக்கிற பலேர்மோ நகரத்தின் எல்லையில் உள்ள ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பில், என் கணவர் உட்பட முழுச் சபைக்கும் நடுவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

மன்னாரில் பிறந்தவளுக்குத் துப்பாக்கிக் கிளப்பில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். என் கணவர் அன்ரனும் அதைத்தான் நினைத்தார். காலையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை, பின்னேரத்தில் அந்தக் கிளப்பின் வரவேற்பு மேசை. முதலில் அங்கே தரை துடைக்கத்தான் போனேன். ஆளில்லாத ஒரு பின்னேரம் கிளப் தலைவர் சல்வோ போட்டிகளில் சுடுகிற துப்பாக்கி ஒன்றைத் தந்து சுட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டேன். குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. (அது இலக்கின் நடு இல்லை, ஒரு மூலை. ஆனாலும் ஒரே மூலை.) கை நடுங்காத பெண் என்று சல்வோ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறகு முறைப்படி பயிற்சி, அங்கத்துவம், கிளப் போட்டியில் இரண்டாம் இடம் என்று வளர்ந்தேன். அந்தப் போட்டியில் எத்தனை பெண்கள் கலந்துகொண்டார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன்.

அன்ரனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல. ஓர் உணவகத்தின் அடுக்களையில் வேலை, வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீர், தொலைக்காட்சி. ஆனால் இதைப் பற்றி ஒருநாள் சொன்னார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் நாங்கள் ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை காசு கட்டிச் சுடுறாய்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. (மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.) அவர் ஒருபோதும் கிளப் பக்கம் வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிளப்பின் துப்பாக்கிகளில் விசை பழசாகிவிட்டது. விசை என்றால் விரலால் இழுக்கிற அந்த வளைந்த துண்டு மட்டும் அல்ல. அதன் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள்ளே இருக்கிற நெம்புகோல்களும் வில்லுச் சுருள்களும் சேர்ந்ததுதான் விசை. அது முரடாக இருந்தால் இழுக்கும்போதே துப்பாக்கி அசைந்து குண்டு எங்கேயோ போகும். நல்ல விசை வாங்குவதென்றால் துப்பாக்கிக்குக் கொடுத்த காசை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். சல்வோ இணையத்தில் தேடி, மிக மலிவான ஒரு மாற்று விசையைக் கண்டுபிடித்தார். முதலில் ஒன்றை வாங்கி நான்காம் இலக்கத் துப்பாக்கியில் பொருத்திப் பார்ப்பது, நன்றாக இருந்தால் எல்லாவற்றுக்கும் வாங்குவது என்று முடிவாயிற்று. வெளியே தெரிகிற வளைவு பழையதைப் போலவேதான் இருக்கும், மாறுவதெல்லாம் உள்ளே என்று சல்வோ விளக்கினார்.

யார் பரீட்சித்துச் சொல்வது என்ற கேள்வி வந்தது. சல்வோ கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே நின்றது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக வருகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவரைக் கிளப் தேடிக்கொண்டிருந்தது. பேச்சில் அடிபட்டவை இரண்டு பெயர்கள். ஒன்று நான். மற்றவர் ரோசால்பா, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எந்தக் குறையையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். இந்தப் பரீட்சையில் என் அறிவைக் காட்டிவிட்டால் அந்த இடம் எனக்குத்தான் என்று கணக்குப் போட்டேன்.

ஆகவே படித்தேன். போர்கோ வெக்கியோவில் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் கிளப் வரும்வரை கைபேசியில் விசை பற்றிய காணொளிகள். முதல் இழுப்பு இலேசாக இருக்க வேண்டும். பிறகு விரல் ஒரு சுவரில் முட்டியது போல நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அரைபடாமல், இழுபடாமல், பொரித்த பப்படம் உடைவது போலச் சட்டென்று விட வேண்டும். (இத்தாலியருக்குப் பப்படம் விளங்காது என்பதால் குச்சி ரொட்டி என்று மாற்றிவைத்தேன்.) இழுவைப் பாரத்தை அளக்கவும் வேண்டும் என்றார்கள். அதற்கென்று தனிக் கருவி உண்டு, எங்களிடம் இல்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கொளுவித் தராசு இருந்தது. பலேர்மோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் மாதா படம் இல்லாவிட்டாலும் அந்தத் தராசு இருக்கும்.

பழைய விசை இருக்கும்போதே, துப்பாக்கியில் குண்டில்லை என்று சல்வோவும் நானும் பார்த்து உறுதிசெய்துகொண்டு, தராசின் கொக்கியை விசையில் கொளுவி இழுத்து அளந்துவைத்தேன். ஒன்றரைக் கிலோ.

பழுது பார்க்கிற நினோ வியாழக்கிழமை பகேரியாவிலிருந்து வந்து போனார். அன்று மாலை சல்வோ துப்பாக்கி அலுமாரியைத் திறந்தபோது நான்காம் இலக்கத்தில் மஞ்சள் நாடா சுற்றியிருந்தது, எண்ணெய் மணத்தது. நினோ வேலையை முடித்துவிட்டார் என்று எனக்குத் தகவல் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, என்ன துணிவோ, அன்ரனைக் கூப்பிட்டேன். ஒரு நாள் வந்து பாருங்கோ, நான் செய்யிறது என்ன எண்டாவது தெரியட்டும் என்றேன். அவர் பஸ் தரிப்பிடம் வரை விறுவிறுவென்று நடந்தார். கடைசியில் "வாறன், ஆனா வெளியிலைதான் நிப்பன்" என்றார். வந்தார். வெளியில்தான் நின்றார். பிறகு வெயில் சுட்டதால் உள்ளே வந்து, காது மூடியைப் போட்டுக்கொண்டு, கடைசி வாங்கில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார்.

கிளப்பே கூடியிருந்தது. நான் நான்காம் இலக்கத்தை எடுத்து, வெறுமையாக இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டி, இலக்குப் பக்கம் நீட்டி, குண்டில்லாமல் விசையை இழுத்தேன். கண்ணை மூடினேன். (நிபுணர்கள் அப்படித்தான் மூடுகிறார்கள்.) விரலில் ஒரு மென்மை தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. இதுவரை மணலில் இழுத்தது போல இருந்தது இப்போது வெண்ணெயில் போகிறது.

பிறகு தராசைக் கொளுவினேன். ஒன்றரைக் கிலோ.

அந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள பெண் கொஞ்சம் நின்று யோசித்திருப்பாள். நான் தராசைத் தட்டினேன். போன தடவை மாமிக்குக் கொண்டுபோன ஒலிவ எண்ணெய்ப் போத்தல்களின் பாரத்தில் இது பழுதாகிவிட்டது என்று சபைக்கு அறிவித்து, அதைக் கைப்பைக்குள் போட்டேன். எண்களை மட்டும் நம்புகிறவர்களுக்கு விரலின் மொழி விளங்காது என்றும் சேர்த்துச் சொன்னேன். அதைக் கணித ஆசிரியையைப் பார்த்துச் சொன்னேன்.

அடுத்துக் குண்டு போட்டுச் சுட்டேன். எல்லாம் நடுவில். என் வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. இலக்குக் காகிதம் திரும்பி வந்தபோது கைதட்டினார்கள். கடைசி வாங்கைப் பார்த்தேன். அன்ரன் காது மூடியை ஒரு பக்கம் தூக்கிக் கைதட்டலைக் கேட்டுவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார்.

பிறகு என் உரை. இப்போது நினைத்தாலும் மேசைக்குக் கீழே போகத் தோன்றுகிறது. முதல் இழுப்பு, சுவர், குச்சி ரொட்டி எல்லாம் வந்தன. பழைய விசையைக் கழுதை என்றேன், புதியதை நடனக்காரி என்றேன். (அன்ரன் அதற்குள் காது மூடியைக் கழற்றியிருந்தார், நான் இழுத்து இழுத்துச் சொன்னதால் அவருக்கும் விளங்கியது.) இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குழந்தைக்குக்கூட விரலில் தெரியும் என்று முடித்தேன்.

சல்வோ எடுத்து இழுத்துப் பார்த்து, வெல்வெட் என்றார். ரோசால்பா கண்ணாடிக்கு மேலால் பார்த்தபடி இழுத்தார். வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அனுபவம் இல்லாதவர்களுக்கு இது அளவுக்கு மீறி இலேசாகப் போய்விடும், தானென்றால் கொஞ்சம் இறுக்குவேன் என்றார். இன்னும் சிலர் வரிசையில் நின்று இழுத்தார்கள். தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாத் துப்பாக்கிக்கும் இதையே வாங்குவோம் என்று சல்வோ கைபேசியை எடுத்தார்.

அந்த நேரம் நினோ வந்தார். ரயில் பிந்திவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. வியாழக்கிழமை ஓர் ஆணி பொருந்தவில்லை, அதனால் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, மறக்காமலிருக்க மஞ்சள் நாடா சுற்றிவிட்டுப் போனேன், இப்போது சரியான ஆணியோடு வந்திருக்கிறேன், புது விசையைப் பொருத்தட்டுமா என்று சல்வோவிடம் கேட்டார்.

நினோ பெட்டியைத் திறந்து காட்டினார். உறையே பிரிக்காத விசை. சல்வோ கைபேசியை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்தார். ரோசால்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அன்ரனுக்கு இத்தாலியன் வேகமாகக் கதைத்தால் பிடிபடாது. கடைசி வாங்கிலிருந்து எழும்பி என்னிடம் வந்தார்.

"என்னவாம்?"

"புதுசு இன்னும் பூட்டேல்லையாம்."

அவர் பெட்டியைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார்.

"அப்ப நீ இவ்வளவு நேரமும் கழுதையையோ நடனமாட விட்டனீ?"

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு வாங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் இறுகிப்போகிற மனிதர், துப்பாக்கிகள் அடுக்கியிருந்த மண்டபத்தின் நடுவில் நின்று அப்படிச் சிரித்ததைப் பார்த்து எனக்கு வெட்கத்தோடு வேறு ஏதோவும் வந்தது. அவர் சொன்னதை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மொழிபெயர்த்ததும் சல்வோ வெடித்தார். கடைசியில் ரோசால்பாவும் சிரித்தார். அவரும் இறுக்கச் சொன்னவர்தானே.

ஆனால் நான் அங்கிருந்து ஓடிப்போகவில்லை. புது விசையை இப்போதே பூட்டுங்கோ, எந்தத் துப்பாக்கி எது என்று எனக்குச் சொல்லாமல், துணியால் மூடித் தாருங்கோ என்று கேட்டேன். நினோ பூட்டினார். குண்டில்லாத இரண்டு துப்பாக்கிகள், நான்காம் இலக்கமும் பழைய விசையுள்ள இன்னொன்றும், துணிக்குள் வந்தன. ஒவ்வொன்றையும் பல முறை இழுத்தேன். ஒன்று முரடு, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முரடு. மற்றது ஒருமுறை இலேசு, ஒருமுறை கல் கடிபட்டது போல. இந்த இரண்டாவது எனக்கு வேண்டாம் என்றேன்.

துணியை எடுத்தார்கள். நான் வேண்டாம் என்றதுதான் புதியது. நினோ துப்பாக்கியின் அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் மெல்லத் தட்டிப் பார்த்தார். யாரும் தொடாமலே விசை விடுபட்டு டக் என்றது. சிரிப்பு நின்றது. குண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சல்வோ அதே இடத்தில் விசையைக் கழற்றுவித்துத் திருப்பி அனுப்பிவைத்தார். நான் கைப்பையைத் திறந்து தராசிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பயிற்சியாளர் பதவி எனக்கே கிடைத்தது. சல்வோ சொன்ன காரணத்தைப் பாராட்டாக எடுப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பழைய விசையிலேயே இவ்வளவு நம்பிக்கையோடு சுடுகிறவளிடம் படித்தால், கிளப்புக்கு ஒன்றும் புதிதாக வாங்க வேண்டி வராதாம்.

வீட்டிலோ நான் எதையும் புகழ முடியாமல் போயிற்று. கபோ சந்தையில் வாங்கிய புதுச் சரக்குத் தூளில் மீன்குழம்பு வைத்து, இதன் வாசமே தனி என்று வாயைத் திறந்தால் போதும். அன்ரன் தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்பார்: "நினோ வந்திட்டாரோ?" அது பிள்ளைகளிடம் பரவி, மாதா கோவிலடியில் பரவி, இப்போது நினோவைக் கண்டே இராதவர்கள் எல்லாம் அவர் வந்துவிட்டாரா என்று விசாரிக்கிறார்கள்.

போன மாதம் அன்ரனுக்குப் புதுக் கண்ணாடி எடுத்தோம். பின்னேரம் பேப்பரை விரித்துவைத்து, இவ்வளவு காலமும் குருடனாக இருந்திருக்கிறேன், எழுத்தெல்லாம் எழும்பி நிற்கிறது என்று நெடுநேரம் புகழ்ந்தார். நான் அலுமாரியைத் திறந்தேன். புதுக் கண்ணாடி அதன் கூட்டுக்குள் பத்திரமாகக் கிடந்தது. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, மெதுவாகக் கேட்டேன்.

"நினோ வந்திட்டாரோ?"

அவர் மூக்கிலிருந்த பழைய கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். பிறகு பேப்பரை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தார்.

"வரேல்லை. ஆனா எல்லாம் வடிவாத் தெரியுது."